குளிப்பாட்டிய குஞ்சுகள்

இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தாலும், அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது யாராவது கண்டுபிடித்து, முதுகில் இரண்டு வைத்து, விஷயத்தை அத்தோடு முடித்திருப்பார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் என்று எங்கள் வீட்டில் எல்லாம் இருந்தன, கோழியைத் தவிர. அம்மாவுக்குக் கோழி ஆகாது. கோலம் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் வந்து கிளறிவிடும், கதவு திறந்திருந்தால் அடுப்படிவரைக்கும் வந்து எச்சம் போடும் என்பது அவள் கட்சி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் கோழி இருக்கும்போது நம் வீட்டில் மட்டும் இல்லாதிருப்பது, பத்து வயதில், நியாயத்தால் சரிக்கட்டக்கூடிய குறை அல்ல.

திருவாமாத்தூர் தேருக்குப் போயிருந்தபோது, சைக்கிள் பின்னால் கூடை கட்டி ஒருவர் கலர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். ரோஸ், பச்சை, ஊதா. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து காதில் சொன்னார். “சாயம் போட்டதும்மா. ரெண்டு நாள் தாங்காது. உனக்கு நாட்டுக்கோழியே வாங்கித் தர்றேன், எழுந்திரு.”

சொன்னதைச் செய்யும் பழக்கம் அப்பாவிடம் அதிகம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் செய்தார். முகையூரிலிருந்த ஒரு நண்பர் வீட்டிலிருந்து கறுப்புப் பெட்டைக்கோழி ஒன்றைப் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கோழி முட்டையிட்டது. அம்மா அதை எடுத்துப் பொரித்து அப்பா தட்டில் வைத்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது. யாராவது கிட்டே போனால் சிறகை விரித்துக்கொண்டு உறுமியது. அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, தெருவுக்கே பெரியம்மா. கோழி விஷயத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. பழைய மூங்கில் கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, சேர்த்து வைத்திருந்த பதின்மூன்று முட்டைகளை அடுக்கினார். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்தார். “இருவத்தோரு நாள். எண்ணிக்கினே இரு,” என்று என்னிடம் சொன்னார். நான் காலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் கோடு போட்டேன்.

பத்தொன்பதாவது கோடு போட்ட அன்று அத்தை வந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் ஒன்று விட்டு ஒரு நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள் என்று சொன்னார்கள். என்ன ஊசி என்று கேட்டேன். சத்து ஊசி என்றாள் அம்மா. அத்தை பார்ப்பதற்கு நல்ல சத்தாகத்தான் இருந்தாள். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைய வேண்டிய அளவு உயரம்.

அவள் வந்ததும் வீட்டில் சத்தம் கூடிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருகிற நாளெல்லாம் கண்டக்டர் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, “முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்... உள்ள போங்க உள்ள போங்க, ஜல்தி ஜல்தி” என்று கத்திக்கொண்டே வாசல் ஏறுவாள். எங்கள் ஊர் பஸ் அந்தப் பக்கமே போகாது என்பது வேறு விஷயம். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதன் பிறகு அத்தை போய்ப் படுத்துக்கொள்வாள். ஊசி போட்ட அன்று அவளுக்குத் தலை தூக்க முடியாது, வாந்தி வரும். அதை அவள் சத்தமில்லாமல் பின்பக்கம் போய் எடுத்துவிட்டு வருவாள்.

அவள் வந்த மறுநாள், நான் குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருந்தபோது, பெரியம்மா அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே இருக்கிறேன் என்பதை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை.

“குஞ்சு பொரிக்கிற நேரம் பாத்து வந்துக்கிறா உன் நாத்தனா. எட்டு வருசமா வயிறு தொறக்காதவ. அவ கை பட்டா ஒண்ணும் தங்காது, சொல்லிட்டேன்.”

“ஏங்க்கா இப்பிடிப் பேசறீங்க,” என்றாள் அம்மா.

அப்படிச் சொன்னாளே ஒழிய, அன்று மதியமே முன்வாசலில் இருந்த கோழிக்கூடையைத் தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையின் மூலையில் வைத்துவிட்டாள். வாசலில் சாரல் அடிக்கிறது என்றாள். அன்று மழையே இல்லை. இதையெல்லாம் நான் கவனித்தேன். குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அர்த்தம் மட்டும்தான் தெரியவில்லை.

பதின்மூன்றில் பதினொன்று பொரித்தன. இரண்டு கறுப்பு, ஒன்று பழுப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். அம்மா என்னைக் கூப்பிட்டு, “இது உன் பொறுப்பு. எனக்கு இதுங்களோட பேஜாரு வேணாம்,” என்று சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு பொறுப்பு. நொய்யரிசியும் இடித்த கேப்பையும் நான்தான் போட வேண்டும். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழுந்துவிடாமல் நடுவில் ஒரு கல் வைக்க வேண்டும். காக்காய் வந்தால் விரட்ட வேண்டும். சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கூடையைக் கவிழ்க்க வேண்டும். எல்லாம் செய்தேன். கூடவே யாருமே கேட்காத ஒரு வேலையையும் சேர்த்துக்கொண்டேன். அத்தையைக் கிட்டே விடாமல் பார்த்துக்கொள்வது.

முதல் நாளே அவள் கொட்டகைக்கு வந்துவிட்டாள். குஞ்சுகளைப் பார்த்ததும் அவள் உயரம் குறைந்து போய்விட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“அத்த, நீங்க தொடாதீங்க,” என்றேன்.

“ஏன் கண்ணு?”

“நீங்க தொட்டா தங்காதாம்.”

அத்தை சிரித்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “சரிங்க மேடம்,” என்று சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யார் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு தினமும் வந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். “அந்தக் கறுப்புக் குட்டிய கொஞ்சம் தூக்கிக் காட்டு கண்ணு,” என்பாள். நான் தூக்கிக் காட்டுவேன். அவள் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். “போதும்,” என்று நான் சொல்லிக் கீழே விட்டுவிடுவேன். இவ்வளவு பெரிய மனுஷி என் உத்தரவுக்குக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

ஒரே ஒரு நாள் இளகினேன். பள்ளிக்கூடத்தில் இந்திய வரைபடம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் வரைந்த இந்தியா முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அத்தை உட்கார்ந்து, கடற்கரைக்கு நீலம் தீட்டி, எனக்காக அழகாக வரைந்து கொடுத்தாள். அதற்குப் பரிசாக ஒரு மஞ்சள் குஞ்சைக் கொண்டுபோய் அவள் மடியில் விட்டேன். “ஒரு தடவைதான்,” என்றேன்.

அவள் இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி வைத்துக்கொண்டாள். குஞ்சு அதற்குள் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு கீழ் இமை மேலே ஏற மெதுவாகக் கண்ணை மூடித் தூங்கிவிட்டது. அத்தை அசையவே இல்லை. உள்ளேயிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். “வர்றேன் அண்ணி,” என்று மெல்லிய குரலில் சொன்னாளே தவிர எழவில்லை. கடைசியில் எழுந்தபோது கால் மரத்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. இரண்டு நாளாக மழை பெய்து அன்று காலையில்தான் விட்டிருந்தது. வானம் மூட்டமாகவே இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் களை எடுக்கப் போயிருந்தார்கள். அப்பாவும் வயலில்தான். அத்தைக்கு முந்தின நாள் ஊசி. உள் அறையில் படுத்திருந்தாள்.

மறுநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி குஞ்சுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. தேரில் வாங்கிய ரோஸ் குஞ்சு ஒன்றை அவள் வைத்திருந்து, அது செத்துப்போயிருந்தது. என் குஞ்சுகள் தங்கம் மாதிரி மின்னும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் மழைச் சேற்றிலும் சாணியிலும் புரண்டு, என் தங்கங்கள் எல்லாம் ஒரே மண் நிறத்தில் இருந்தன. பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டால் நான் அழகாகிவிடுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். அதே யோசனைதான்.

தாய்க்கோழியைக் கூடைக்குள் அடைத்து மேலே அம்மிக்குழவியை வைத்தேன். குஞ்சுகளை ஒரு பக்கெட்டில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன். ஷாம்பு பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்தேன். தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

நனைந்ததும் குஞ்சே காணாமல் போய்விட்டது. கையில் மிஞ்சியது இரண்டு கண்ணும் ஒரு அலகும் ஒரு துடிப்பும்தான். இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியமாக இருந்தது. அது நடுங்கியது. நடுங்கியதைப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பார்த்துவிட்டு, காய்ந்தால் சரியாகிவிடும் என்று அடுத்ததை எடுத்தேன். அப்படி ஏழு. மற்ற நான்கும் பக்கெட் சாய்ந்தபோது தப்பித்து ஓடி விறகுக் குவியலுக்குள் புகுந்துகொண்டன. அவை பிழைத்தது என் தயவால் அல்ல.

ஏழையும் அப்பாவின் துண்டில் சுற்றித் துடைத்தேன். வெயில் இல்லாததால் டேபிள் ஃபேனைத் தரையில் இறக்கி, மூன்றாம் நம்பரில் வைத்து, முன்னால் வரிசையாக விட்டேன். காற்றில் மயிர் கொஞ்சம் பறக்கத் தொடங்கியது. மஞ்சள் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் சாய்ந்தது. கொட்டகையில் தாய்க்கோழி கூடைக்குள் முட்டிக்கொண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தில்தான் அத்தை எழுந்து வந்திருக்க வேண்டும். முடி அவிழ்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் முதல் காரியமாக ஃபேனை நிறுத்தினாள்.

“இன்னா கண்ணு பண்ண?”

“குளிப்பாட்டினேன்.”

திட்டவில்லை. ஏழையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அணைந்திருந்த அடுப்பை ஊதித் தணலைக் கிளப்பினாள். பழைய புடவைத் துணியைத் தணலில் காட்டிச் சூடாக்கி ஒவ்வொன்றாகச் சுற்றினாள். இரண்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்றின் அலகுக்கு வாயை வைத்து மெதுவாக ஊதினாள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பது அந்த நேரத்தில் எனக்கும் மறந்துபோயிருந்தது. நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. கடைசிக் குஞ்சு ஒரு தடவை காலை நீட்டியது. பிழைத்துவிட்டது என்று அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீட்டிய கால் அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா அடிப்பாங்க,” என்றேன்.

“அழாத. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்றாள் அத்தை.

நான் பயந்துபோனேன். அம்மாவிடம் சொல்லப்போகிறாள் என்றுதான் என் காதில் விழுந்தது. சொல்லிடுவேன் என்பதற்கும் சொல்லிக்கிறேன் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இப்போது தெரிகிறது. பயந்த காதில் இரண்டும் ஒன்றுதான். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அப்போது பின்கதவு திறந்தது. அம்மாவும் பெரியம்மாவும் காலெல்லாம் சேறோடு உள்ளே வந்தார்கள். அடுப்பு முன்னால் அத்தை முடியை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் செத்த குஞ்சுகள் வரிசையாக இருந்தன. பெரியம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“இன்னாடி ஆச்சு?”

கேள்வி எனக்குத்தான் வந்தது. அத்தையை யாரும் கேட்கவில்லை.

“அத்த தொட்டாங்கம்மா,” என்றேன். “அன்னிக்கு மடியில வெச்சிக்கினு இருந்தாங்க. நான் தொடாதீங்கன்னு சொன்னேன்.”

எல்லாம் உண்மை. தொட்டாள். மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தொடாதீங்க என்று நான் சொன்னேன்.

அத்தை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்து என் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையை நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள், சொல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அத்தை தலையைத் தாழ்த்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் ஒரு தணல் வெடித்தது.

“நான் அப்பவே சொன்னேன் இல்ல,” என்றார் பெரியம்மா, யாரையும் பார்க்காமல்.

என் பின்னாலிருந்து அம்மா நகரும் சத்தம் கேட்டது. கால் கழுவப் பின்பக்கம் போனாள். சொம்பில் தண்ணீர் மொள்வது கேட்டது. அதற்குப் பிறகுதான் அத்தை பேசினாள்.

“ஆமா அண்ணி. நான்தான் தூக்கி வெச்சிக்கினேன். சின்னப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க.”

பின்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது. ஏழு குஞ்சுகளையும் அத்தையே கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். நான் போகவில்லை.

மறுநாள் காலையில் அத்தை பையைக் கட்டிவிட்டாள். மாமாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கவில்லையாம், போக வேண்டுமாம். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பாதி ஊசிதானேம்மா போட்டிருக்குது, இன்னும் பாதி இருக்கே,” என்றார். “போதும்ண்ணே,” என்றாள் அத்தை. அம்மா அரிசி, மல்லாட்டைக் கடலை, முருங்கைக்காய், ஒரு பாட்டில் நெய் என்று பை கொள்ளாமல் திணித்தாள். இருந்த முறுக்கையெல்லாம் டப்பாவோடு வைத்தாள். எனக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது. குஞ்சுகளைச் சாகடித்தவள் என்று நினைத்துக்கொண்டு அம்மா இவ்வளவையும் ஏன் கொடுக்கிறாள் என்று தோன்றியது. கூடவே, அத்தை போய்விட்டால் அந்த விஷயத்தைச் சொல்ல ஆள் இல்லை என்ற நிம்மதியும் இருந்தது. பஸ் கிளம்பியபோது சந்தோஷமாகக் கையாட்டினேன்.

அந்த ஊசிகள் எதற்கு என்று தெரிய எனக்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின. நாள் தவறாமல் போட்டு முடிக்க வேண்டிய ஊசிகளாம் அவை. நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திண்டிவனத்து வீட்டில் இன்னொரு தடவை அனுப்பவில்லை. அத்தையும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்கப் போட்டிருந்தால் குழந்தை பிறந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. அத்தைக்குக் குழந்தை பிறக்கவில்லை.

பதினைந்து வயதில், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மதியம், அம்மா நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“தெரியும்,” என்றாள் அம்மா. “கால் கழுவப் போனப்பவே பாத்தேன். கல்லு மேல நொரை இருந்துச்சி. பாக்கெட்டையும் நான்தான் எடுத்துப் போட்டேன்.”

“அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?”

அம்மா கிண்ணத்தில் மிச்சமிருந்த பத்தைக் குழைத்தாள். “அவங்க நின்னுக்கினு இருந்தாங்க. வாய் வரல,” என்றாள். அவங்க என்றது பெரியம்மாவை. பிறகு, “பழசெல்லாம் எதுக்கு இப்ப, கண்ண மூடு,” என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டாள்.

போன வருஷம் ஒரு வேலையாகத் திண்டிவனம் போனபோது அத்தை வீட்டுக்குத் தனியாகப் போனேன். கல்யாணம், காரியம் என்று கூட்டத்தில் எத்தனையோ தடவை சந்தித்திருக்கிறோம். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசியதில்லை, நான் உட்கார விட்டதில்லை. அத்தை இப்போது இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வாசல் அறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்னத்தைத் தடவினாள். உயரம் கொஞ்சம் வளைந்திருந்தது.

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. “அந்தக் கோழிக்குஞ்சு விஷயம் அத்த...” என்றேன்.

அத்தை என்னைச் சிரமப்படுத்தவில்லை.

“நீ பத்து வயசுப் பொண்ணு. அடிக்குப் பயந்துக்கினு சொன்ன. உன்மேல எனக்கு இன்னா இருக்குது,” என்றாள். மாவு காய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டே, ஏதோ வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். “உங்கம்மா ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு பாத்தேன். ‘அப்பிடில்லாம் ஒண்ணும் இல்ல’ன்னு. அந்த ஒரு வார்த்த சொல்லியிருந்தாங்கன்னா, மீதி ஊசிய போட்டுக்கினே போயிருப்பேன்.”

அம்மாவுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல், இதோ, இன்னொன்றையும் மறைத்தவளாக உட்கார்ந்திருந்தேன். காபி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே அத்தை எழுந்து உள்ளே போனாள்.

அன்றைக்கு அடுப்பு முன்னால் அத்தை தலையை நிமிர்த்தியபோது, அவள் என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.